மறந்துபோன பழைய கேம்கள்: புதிய கம்ப்யூட்டரில் இயக்குவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பையன் கேம் விளையாட வேண்டும் என்கிறான். அதற்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கிய கையோடு இன்னொரு செலவா?” என்பார்கள். நான் சொல்லும் பதில் இதுதான்: கார்டைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். முதலில் 1990களில் வந்த சில கேம்களை உங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்.

இப்படிச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இவை நல்ல கேம்கள். எந்தச் சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் நான்கு கேம்களும் சேர்ந்து உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஜிபி இடத்தைக் கூட எடுக்காது. இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. பழைய கேம் ஒன்றை ஓட வைக்க முயலும்போது பைல் என்றால் என்ன, போல்டர் என்றால் என்ன, புரோகிராம் வேறு அதன் டேட்டா வேறு என்பதெல்லாம் தானாகவே புரிந்துவிடும். வகுப்பில் உட்கார்ந்து கற்றால் கொட்டாவி வரும் பாடம் இது.

ஏன் மறந்துபோயின?

நல்ல திரைப்படம் ஒன்று 50 ஆண்டுகள் ஆனாலும் டிவியில் வருகிறது. நல்ல கேம் ஏன் 10 ஆண்டுகளில் காணாமல் போகிறது? பெரும்பாலும் கேமில் குறை இல்லை. அது ஓடிய மெஷின் மாறிவிடுகிறது.

1980களிலும் 1990களின் முதல் பாதியிலும் வந்த பெரும்பாலான பிசி கேம்கள் டாஸ் என்னும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திற்காக எழுதப்பட்டவை. விண்டோஸ் வந்த பிறகும் தொடக்கத்தில் எழுதப்பட்ட புரோகிராம்கள் 16 பிட் வகையைச் சேர்ந்தவை. 32 பிட் விண்டோஸில் இவற்றில் பலவற்றை எப்படியோ ஓட்ட முடிந்தது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம்களை இயக்கும் பகுதியே கிடையாது. 2021ல் வந்த விண்டோஸ் 11, 64 பிட் பதிப்பாக மட்டுமே கிடைக்கிறது. எனவே பழைய கேமின் ஐகானில் நீங்கள் டபுள் கிளிக் செய்தால், இந்தப் புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் இயங்காது என்ற செய்திதான் வரும். உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம்.

கேமைச் சேமித்து வைத்த பொருளும் கெட்டுப் போகிறது. பிளாப்பி டிஸ்க்கில் காந்தப் பூச்சு வலுவிழக்கும். சிடியில் கீறல் விழும். பிரின்ஸ் ஆப் பெர்சியா கேமைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1989ல் ஜோர்டன் மெக்னர் எழுதியது. அதன் சோர்ஸ் கோட், அதாவது அவர் எழுதிய மூல வரிகள், பல ஆண்டுகள் எங்கிருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. அவருடைய தந்தை வீட்டு அலமாரியில் இருந்த பழைய பெட்டி ஒன்றை எடுத்து அனுப்ப, அதற்குள் அந்தப் பிளாப்பிகள் இருந்தன. 2012ல் பழைய டிஸ்க்குகளைப் படிப்பதில் தேர்ந்த சிலர் உதவியுடன் அதை மீட்டார்கள். உலகப் புகழ் பெற்ற கேமுக்கே இந்த நிலை என்றால் மற்றவை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று அதில் கண்டறிந்தார்கள்.

இலவசம் எது, திருட்டு எது?

பழைய கேம்களைத் தேடினால் “கைவிடப்பட்ட சாப்ட்வேர்” என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் அள்ளித் தரும் தளங்கள் வரும். இப்படி ஒரு வகை சட்டத்தில் கிடையாது. ஒரு கேமை விற்பதை நிறுவனம் நிறுத்திவிட்டதால் அதன் உரிமை போய்விடுவதில்லை. இந்தியாவின் 1957ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி கம்ப்யூட்டர் புரோகிராமும் நூலைப் போன்ற ஒரு படைப்பே. எழுதியவரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும்.

ஆனால் உரிமையாளர்களே மனமுவந்து இலவசமாகக் கொடுத்துவிட்ட கேம்கள் உண்டு. ரசிகர்கள் முழுவதும் புதிதாக எழுதித் தந்தவையும் உண்டு. இந்தக் கட்டுரையில் இவை மட்டுமே இடம் பெறுகின்றன. இன்னொரு வழி, பணம் கொடுத்து வாங்குவது. ஜிஓஜி என்னும் தளம் 2008 முதல் பழைய கேம்களைப் புதிய விண்டோஸில் ஓடும்படி தயார் செய்து விற்று வருகிறது.

டவுண்லோட் செய்வதற்கு முன்

மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள்.

முதலாவது, கேமை எழுதியவர் அல்லது அதைப் பராமரிக்கும் குழுவின் தளத்திலிருந்தே டவுண்லோட் செய்யுங்கள். வேறு தளங்களில் பெரிதாக, பச்சை நிறத்தில் மின்னும் டவுண்லோட் பட்டன்கள் பெரும்பாலும் விளம்பரங்கள். அவற்றை அழுத்தினால் கேமுக்குப் பதில் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்து கொள்ளும்.

இரண்டாவது, வந்த பைலின் மீது மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் வரும் மெனுவில் வைரஸ் ஸ்கேன் செய்வதற்கான வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து சோதியுங்கள்.

மூன்றாவது, ‘கேம்ஸ்’ என்ற பெயரில் ஒரு போல்டரை உருவாக்கி, ஒவ்வொரு கேமுக்கும் அதற்குள் ஒரு தனி போல்டர் வையுங்கள். எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் கொட்டி வைத்தால் எது எந்தக் கேமின் பைல் என்று பிறகு தெரியாது.

இனி கேம்களுக்கு வருவோம். எளியதில் தொடங்கி வரிசையாகத் தந்திருக்கிறேன்.

1. ஸ்கை ப்ரீ (1991)

மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் புரோகிராமராக இருந்த கிறிஸ் பிரி தன் ஆர்வத்துக்காக எழுதிய கேம் இது. விண்டோஸ் எண்டர்டெயின்மென்ட் பேக் என்ற கேம் தொகுப்பின் மூன்றாவது பகுதியில் 1991ல் இடம் பெற்றது. பனி மலைச் சரிவில் ஒருவர் சறுக்கி இறங்குகிறார். மரம், பாறை, நாய், மற்ற சறுக்கு வீரர்கள் எல்லாம் குறுக்கே வருவார்கள். மோதாமல் இறங்க வேண்டும். அவ்வளவுதான் கேம்.

இது 16 பிட் புரோகிராமாகப் பிறந்ததால் இன்றைய விண்டோஸில் ஓடாமல் போயிருக்க வேண்டியது. பழைய சோர்ஸ் கோட் பின்னாளில் கையில் கிடைத்ததும், கிறிஸ் பிரி அதை 32 பிட் புரோகிராமாக மாற்றித் தன் தளத்தில் இலவசமாக வைத்தார். ஒரு பிளாப்பி டிஸ்க்கில் 1.44 எம்பிதான் அடங்கும். இந்தக் கேம் அதற்குள்ளேயே நிறைய இடம் விட்டு உட்கார்ந்துவிடும்.

இதை இன்ஸ்டால் செய்யவே தேவையில்லை. டவுண்லோட் செய்த பைலை உங்கள் கேம்ஸ் போல்டரில் வைத்து டபுள் கிளிக் செய்யுங்கள். அதிகம் பேர் பயன்படுத்தாத சிறிய புரோகிராம் என்பதால் விண்டோஸ் ஓர் எச்சரிக்கை காட்டலாம். எழுதியவரின் தளத்திலிருந்து வந்ததுதானா என்று உறுதி செய்து, ஸ்கேன் செய்த பிறகே தொடருங்கள்.

மவுஸ் பாயிண்டர் இருக்கும் திசையில் வீரர் திரும்புவார். மவுஸ் பிடிக்கக் கை நடுங்கும் பெரியவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இதுதான். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். சுமார் 2,000 மீட்டர் இறங்கியதும் பனிமனிதன் ஒருவன் ஓடி வந்து வீரரைப் பிடித்துத் தின்றுவிடுவான். பலர் இத்துடன் கேம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். கீ போர்டில் எப் கீயை அழுத்தினால் வீரரின் வேகம் கூடும். தப்பிக்க வழி உண்டு.

இதில் கற்ற பாடம்: ஒரு புரோகிராம் என்பது ஒரே ஒரு பைலாகவும் இருக்கலாம்.

2. பினீத் எ ஸ்டீல் ஸ்கை (1994)

இங்கிலாந்தின் ரெவல்யூஷன் சாப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய கதைக் கேம். சுட வேண்டியதில்லை, ஓட வேண்டியதில்லை. பார்த்து, பேசி, பொருட்களை எடுத்து, எதை எங்கே பயன்படுத்துவது என்று யோசித்தால் கதை நகரும். எதிர்கால ஆஸ்திரேலியாவில் நடக்கிறது. பாலைநிலத்தில் வளர்ந்த ராபர்ட் பாஸ்டரைப் பெரிய நகரம் ஒன்றிற்குப் பிடித்துக் கொண்டு வருகிறார்கள். ஏன் என்பது அவருக்கே தெரியாது. துணைக்கு ஜோயி என்ற ரோபோ. ஜோயியின் உயிர் ஒரு சர்க்யூட் போர்டில் இருக்கிறது. அந்தப் போர்டைக் கிடைத்த ரோபோ உடம்பில் செருகினால் ஜோயி அந்த உடம்போடு எழுந்து, புதிய உடம்பு பிடிக்கவில்லை என்று புலம்புவான். வாட்ச்மென் காமிக்ஸை வரைந்த டேவ் கிப்பன்ஸ் இதற்குப் படங்கள் வரைந்தார்.

2003ல் ரெவல்யூஷன் நிறுவனம் இதை இலவசமாக்கியது. இதை ஓட்ட ஸ்கம்விஎம் என்ற புரோகிராம் வேண்டும். இதுவும் இலவசம். பழைய கதைக் கேம்களில் கேமின் படம், ஒலி, வசனம் எல்லாம் டேட்டா பைல்களாக இருக்கும். அவற்றைப் படித்துத் திரையில் காட்டும் எஞ்சின் தனியாக இருக்கும். பழைய எஞ்சின் புதிய விண்டோஸில் ஓடாது. அதன் இடத்தில் ஸ்கம்விஎம் உட்கார்ந்து அதே டேட்டாவைப் படிக்கிறது. டேப் ரெக்கார்டர் பழுதானால் கேசட்டைத் தூக்கி எறிவதில்லையே. வேறு ரெக்கார்டரில் போடுகிறோம். அது போலத்தான்.

செய்ய வேண்டியவை:

ஸ்கம்விஎம் தளத்திலிருந்து உங்கள் விண்டோஸுக்கான பதிப்பை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்யவும்.

அதே தளத்தில் இலவசக் கேம்கள் பகுதியில் இந்தக் கேமின் சிடி பதிப்பு ஜிப் பைலாக இருக்கும். 100 எம்பிக்கும் குறைவு. இதில் வசனங்கள் குரலுடன் வரும்.

ஜிப் பைல் என்பது பல பைல்களைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. அதன் மீது வலது பட்டனை அழுத்தி, ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, இந்தக் கேமுக்காக உருவாக்கிய போல்டரைக் காட்டவும். மூட்டையைப் பிரிக்காமல் உள்ளேயே கிளிக் செய்து கொண்டிருப்பதுதான் புதியவர்கள் பலர் தடுமாறும் இடம்.

ஸ்கம்விஎம்மைத் திறந்து ‘ஆட் கேம்’ பட்டனை அழுத்தவும். அந்தப் போல்டரைக் காட்டினால் கேமை அதுவே அடையாளம் கண்டு பட்டியலில் சேர்க்கும். பெயரைத் தேர்ந்தெடுத்து ‘ஸ்டார்ட்’ அழுத்தவும்.

ஆல்ட் கீயுடன் என்டர் கீயை அழுத்தினால் முழுத் திரையில் வரும். கண்ட்ரோல் கீயுடன் எப்5 அழுத்தினால் சேவ் செய்வதற்கான மெனு கிடைக்கும். அடிக்கடி சேவ் செய்து கொள்ளுங்கள். இதில் பாஸ்டர் இறந்து போகும் இடங்களும் உண்டு. மாட்டிக் கொண்டால் திரையில் உள்ள எல்லாப் பொருட்களின் மீதும் பாயிண்டரை மெதுவாக நகர்த்துங்கள். எதன் மீது பெயர் தோன்றுகிறதோ அதை ஏதாவது செய்ய முடியும்.

உரையாடல்கள் எழுத்திலும் வருவதால், பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலம் படித்துப் பழகவும் உதவும். சில காட்சிகளில் வன்முறை உண்டு. எனவே மிகச் சிறிய குழந்தைகளுக்கு வேண்டாம்.

இதில் கற்ற பாடம்: புரோகிராம் வேறு, டேட்டா வேறு.

3. டைரியன் 2000

இது விண்வெளிச் சண்டைக் கேம். உங்கள் விமானம் கீழே இருக்கும். எதிரிகள் மேலிருந்து வருவார்கள். எபிக் மெகாகேம்ஸ் நிறுவனம் 1995ல் டைரியனை வெளியிட்டது. அதன் விரிந்த பதிப்புதான் டைரியன் 2000. 2004ல் இலவசமானது.

வெறும் சுடும் கேம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கையில் இருக்கும் பணத்திற்குக் கடையில் ஆயுதம், கவசம், ஜெனரேட்டர் வாங்கலாம். பெரிய துப்பாக்கியாகப் பார்த்து வாங்கினால் ஜெனரேட்டர் தாங்காது. கவசத்திற்கு மின்சாரம் போதாமல் போகும். எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்ற கணக்குதான் இந்தக் கேமின் உயிர். இது டாஸ் கேம். எனவே டாஸ்பாக்ஸ் வேண்டும்.

டாஸ்பாக்ஸ் 2002ல் வந்த இலவசப் புரோகிராம். உங்கள் விண்டோஸுக்குள் ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டர் இருப்பது போன்ற தோற்றத்தை உருவாக்குகிறது. அந்தக் காலத்துப் பிராசசர், சவுண்ட் கார்டு எல்லாவற்றையும் சாப்ட்வேரிலேயே நடித்துக் காட்டும். வேகத்தையும் குறைத்துத் தரும். இது முக்கியம். பழைய கேம்கள் சில பிராசசரின் வேகத்தை நம்பியே எழுதப்பட்டவை. இன்றைய பிராசசரில் நேரடியாக ஓடினால் கண் இமைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

டைரியன் 2000ஐ ஜிஓஜி தளத்தில் பதிவு செய்து இலவசமாகப் பெறலாம். டாஸ்பாக்ஸும் சேர்ந்தே வருவதால் வழக்கம் போல இன்ஸ்டால் செய்தால் போதும்.

உங்கள் வீட்டில் முன்பு காசு கொடுத்து வாங்கிய டாஸ் கேம் இருந்தால் அதையும் ஓட்டலாம். டாஸ்பாக்ஸைத் தனியாக இன்ஸ்டால் செய்யுங்கள். கேம் பைல்கள் உள்ள போல்டரைத் திறந்து, கேமைத் தொடங்கும் இஎக்ஸ்இ பைலை மவுஸால் இழுத்து, டெஸ்க்டாப்பில் உள்ள டாஸ்பாக்ஸ் ஐகான் மீது விடுங்கள். அந்தப் போல்டரையே சி டிரைவாக எடுத்துக் கொண்டு கேம் தொடங்கும்.

நான்கு கீகளை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். டாஸ்பாக்ஸ் விண்டோவுக்குள் கிளிக் செய்ததும் மவுஸ் பாயிண்டர் வெளியே வராமல் மாட்டிக் கொள்ளும். கண்ட்ரோல் + எப்10 அழுத்தினால் விடுபடும். கேம் மிக வேகமாக ஓடினால் கண்ட்ரோல் + எப்11. மெதுவாக இருந்தால் கண்ட்ரோல் + எப்12. எதுவும் சரியாக வராவிட்டால் கண்ட்ரோல் + எப்9 அழுத்தி டாஸ்பாக்ஸை மூடிவிடலாம். உங்கள் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது.

இதில் கற்ற பாடம்: ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை சாப்ட்வேராகவே உருவாக்கலாம்.

4. டிரான்ஸ்போர்ட் டைகூன் (1994), இன்று ஓப்பன்டிடிடி

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் சாயர் எழுதிய கேம். நீங்கள் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் முதலாளி. பஸ், லாரி, ரயில், கப்பல், விமானம் விட்டு ஊர்களை இணைக்க வேண்டும். தொடங்கும் பணமே கடன். வட்டி ஓடிக் கொண்டிருக்கும். தவறான வழித்தடத்தில் பணத்தைக் கொட்டினால் திவால்தான்.

2004ல் ஸ்வீடன் நாட்டு புரோகிராமர் லுட்விக் ஸ்டிரிகேயஸ் இந்தக் கேமின் டீலக்ஸ் பதிப்பைப் பிரித்து ஆராய்ந்து, அதேபோல் இயங்கும் புரோகிராமை எழுதி ஓப்பன்டிடிடி என்ற பெயரில் வெளியிட்டார். 2001ல் ஸ்கம்விஎம்மைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் இவர்தான். பிறகு உலகின் பல பகுதிகளைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து இதை வளர்த்தார்கள். 2010ல் வந்த 1.0 பதிப்பு முதல் படங்களும் ஒலிகளும் கூட ரசிகர்கள் புதிதாக உருவாக்கியவை கிடைக்கின்றன. எனவே பழைய கேமின் சிடி உங்களுக்குத் தேவையில்லை.

ஓப்பன்டிடிடி தளத்திலிருந்து இன்ஸ்டால் செய்து முதல் முறை திறக்கும்போது, படங்களை டவுண்லோட் செய்யலாமா என்று கேட்டால் சம்மதியுங்கள். இன்டர்நெட் இணைப்பு இருக்க வேண்டும். செட்டிங்ஸில் மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் தமிழும் இருக்கிறது. தமிழ் ஆர்வலர்கள் செய்த மொழிபெயர்ப்பு இது. மொழிபெயர்க்கப்படாத வரிகள் ஆங்கிலத்தில் தோன்றும்.

முதல் நாளே ரயில் பாதை போட வேண்டாம். பெரிய ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் சாலையில் இரண்டு முனைகளில் இரண்டு பஸ் ஸ்டாப் வையுங்கள். சாலையை ஒட்டி ஒரு டெப்போ கட்டுங்கள். டெப்போவைக் கிளிக் செய்து ஒரு பஸ் வாங்கி, ஆர்டர்ஸ் பட்டியலில் முதல் ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப் என்று சேர்த்துப் புறப்பட விடுங்கள். வருமானம் வரத் தொடங்கியதும் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மின் நிலையத்திற்கு ரயில் விடலாம். கட்டணம் தூரத்தையும் நேரத்தையும் பொறுத்தது. அதிகத் தூரம் சீக்கிரம் கொண்டு போனால் அதிகப் பணம். வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் அப்பாவும் மகளும் ஒரே வரைபடத்தில் போட்டி நிறுவனம் நடத்தலாம்.

இதில் கற்ற பாடம்: ஒரு புரோகிராமின் படம், ஒலி, மொழி எல்லாவற்றையும் தனித்தனியாக மாற்ற முடியும்.

உங்கள் வீட்டில் உள்ளவற்றைக் காப்பாற்றுங்கள்

கடைசியாக ஒரு வேலை. வீட்டில் பழைய கேம் சிடிகள், கம்ப்யூட்டர் இதழ்களுடன் வந்த சிடிகள் இருந்தால் இப்போதே எடுங்கள். இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் சிடி டிரைவ் இருப்பதில்லை. யுஎஸ்பியில் இணைக்கும் டிரைவ் கடைகளில் கிடைக்கிறது. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கினாலும் போதும். சிடியில் உள்ள எல்லாப் பைல்களையும் ஒரு போல்டரில் காப்பி செய்யுங்கள். வெளிப்புறம் துடைத்தால் போகாத புள்ளிகள் சிடியில் தெரிந்தால் அதை முதலில் எடுங்கள். அதில் சீரியல் எண் அச்சிட்ட அட்டை இருந்தால் அதையும் போட்டோ எடுத்து அதே போல்டரில் வையுங்கள். எண் இல்லாமல் சில கேம்கள் திறக்காது.

டவுண்லோட் செய்த ஜிப் பைல்களையும், இன்ஸ்டால் செய்த பிறகு அழித்துவிடாமல், ஒரு பென் டிரைவில் வைத்துக் கொள்ளுங்கள். இன்று இருக்கும் தளம் நாளைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்த நான்கையும் ஒரே நாளில் முயல வேண்டாம். வாரம் ஒன்றாக, மேலே சொன்ன வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து யாராவது உங்களிடம் ஜிப் பைல் ஒன்றைக் கொடுத்து இதை எப்படித் திறப்பது என்று கேட்டால், பதில் சொல்பவர் நீங்களாக இருப்பீர்கள்.